இருமலோடு வந்த முதலாளி

அந்த முதியோர் இல்லத்தின் நர்ஸை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முந்தைய குளிர்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் அங்கே நான்கு பேரைக் கொண்டுபோயிருந்தது. இந்த முறை ஒருவரையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் முப்பது பேருக்கும் தடுப்பூசி போட்டார். இருமலோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் முதலாளியே இருமிக்கொண்டு வந்தார்.

“உள்ளே போகாதீங்க சார்.”

“இது என் கட்டடம்மா.”

“கட்டடம் உங்களோடதுதான். உள்ளே இருக்கிறவங்க நுரையீரல் என் பொறுப்பு.”

“வேலையை விட்டு எடுத்துடுவேன்.”

“காய்ச்சல் விட்டதும் வந்து எடுங்க.”

முணுமுணுத்தபடியே காரில் ஏறினார். மறுநாள் பரிசோதனையில் அவருக்கு ஃப்ளூ என்று வந்தது.

குளிர்காலம் முடிந்ததும் முப்பது பேரும் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார்கள். பெரியக்கா ரசித்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.