கழுத்தின் வயது

வயதை இறக்கிவிட்டார்களாம். எனக்கு அதைச் சொன்னது சங்கரா மீன் விற்கிற அக்கா. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கி, சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னாள்.

"முதியோர் பணத்துக்கு இனிமே அறுபத்தஞ்சு வேணாமாம் சார். அறுபதே போதுமாம். எங்க குப்பத்துல ஒரே பேச்சா கீது."

வயது ஏறும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கோ ஓர் அறையில் யாரோ கையெழுத்துப் போட, கடலோரம் நெடுக எத்தனையோ பேர் விடிவதற்குள் முதியவர்களாகிவிட்டார்கள். அதற்காகச் சந்தோஷமும் படுகிறார்கள்.

"உங்களுக்கு வருமாக்கா?"

"வந்தா இந்தக் கூடையத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன். கழுத்து தாங்கல சார். முன்னெல்லாம் தல மேல பாரம் இருக்கிறதே தெரியாது. இப்ப எறக்கி வெச்சப்பறமும் மேலயே இருக்கிற மாதிரி கீது."

ஒரே சிக்கல், கார்டில் அவள் வயது ஐம்பத்திரண்டு. எப்போதோ வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தபோது, வரிசையில் முதலில் நின்றவள் நாற்பது என்றாளாம். அவளைவிட மூத்தவளாக இருக்க யாருக்கு மனசு வரும்? பின்னால் நின்ற அத்தனை பேரும் நாற்பது. மாமியாரும் நாற்பது, மருமகளும் நாற்பது. எழுதிக்கொண்டவரும் தலையை நிமிர்த்தவில்லையாம்.

"ஆஸ்பத்திரி டாக்டரு பார்த்து வயசு எழுதிக் குடுத்தா செல்லுமாம். நீ கூட வா சார். பேண்ட்டு போட்ட ஆளு பக்கத்துல நின்னா, அப்பால வான்னு தொரத்த மாட்டாங்க."

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டடங்களுக்கு நடுவில் புகுந்து, இரண்டு பஸ் மாறி, கூடை இல்லாமல் தாம்பரத்தில் வந்து இறங்கினாள் அக்கா. நல்ல நீலத்தில் புடவை, படிய எண்ணெய் வைத்த தலை, காதோரம் கனகாம்பரம். கூடவே இறால் விற்கிற அவளுடைய தோழி. தோழிக்கு முகமெல்லாம் கோபம்.

"பாரு சார் இவள! கெழவின்னு எழுதி வாங்க வர்ற மூஞ்சியா இது? பூ எதுக்குடி ஒனக்கு? கூனிக்கினு நட. எது கேட்டாலும் ஆங்? ஆங்?னு கேளு, காது கேக்காத மாதிரி."

"நீ வேணா செவிடா இருந்துக்கோ. போறது நாலு பேரு வர்ற எடம்."

ஆஸ்பத்திரி பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இந்தச் சண்டைதான். தோழி பூவைப் பிடுங்கப் பார்ப்பாள், அக்கா கையைத் தட்டிவிடுவாள். ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் அக்காவின் விரல்கள் என் சட்டைக் கையைப் பிடித்ததை நான் கவனித்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போலச் சில்லென்று இருந்தன.

டாக்டரம்மா சின்ன வயது. வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு கடைவாய்ப்பல் தவிர எல்லாம் இருந்தன. தோழி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எட்டிப் பார்த்த எனக்கும் தெரிந்தது: கருவிழியைச் சுற்றி வெளிர்சாம்பலில் ஒரு வளையம், மழைக்கு முந்தைய நாள் நிலாவைச் சுற்றி விழுமே, அது போல. எத்தனை வருடமாக அந்தக் கண்ணைப் பார்த்து விலை பேசியிருக்கிறேன்! உள்ளே நிலாவுக்குக் கோட்டை கட்டியிருப்பதைப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் மேல பாருங்கம்மா."

கண் மட்டும் மேலே போனது. தலை அசையவில்லை.

"கண்ணு வேணாம், தலையத் தூக்குங்க."

"தூக்கித்தானே கீறேன்."

டாக்டரம்மா அவள் பிடரியில் விரலை வைத்தார். மெல்லக் கீழே நகர்த்தினார். எக்ஸ்ரேவுக்கு எழுதினார்.

படம் வந்ததும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்கள். நான் பார்க்கத் தயாராக இல்லை. சாம்பிராணிப் புகை போல வெண்மையாய் ஒரு கழுத்து. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி உட்கார்ந்து, ஓரங்களில் முள் முள்ளாய்ப் பிதுங்கி, பவழப்பாறை வளர்வது போல வளர்ந்திருந்தன. இது தேய்ந்த கழுத்து என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாரம் மேலே ஏற ஏற, உள்ளே முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்து, தானே தன்னைக் கட்டிக்கொண்ட ஒரு தூண். வஞ்சிரமும் வவ்வாலும் நெத்திலியும், உருகி வழிந்த ஐஸும், எங்கள் தெருவின் வெயிலும் அதன் மேல்தான் நின்றிருக்கின்றன. கோயிலில் கைகூப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றாது. அங்கே தோன்றியது.

"இந்தக் கழுத்துக்கு எழுபது வயசு," என்றார் டாக்டரம்மா, பேனாவைத் திறந்தபடி.

தோழி என் தோளில் ஓங்கித் தட்டினாள். ஜெயித்தாயிற்று. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அவள் விடிகாலையில் கரையில் ஏலம் கேட்கிறவள். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் இறக்கிக் கேட்டே பழகிய நாக்கு.

"எழுபதா? கட்டாது தாயி. கொறச்சி சொல்லு."

"என்னது?"

"எங்கூட்டுக்காரருக்கே அறுபத்தி மூணுதான். அவருக்கு நான் அக்காவா? ஒரே பேச்சா பேசு. அறுபது!"

தோழி அவள் இடுப்பைக் கிள்ளினாள். "அடிப்பாவி, வாய மூடுடி! வர்ற லட்சுமிய வெரட்டாதடி!"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "உங்க கார்டுல அம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு. நீங்க எறக்கிக்கிட்டே போனா, நானும் எறங்கி அம்பத்தெட்டுல எழுதிடுவேன். பரவால்லையா?"

அக்கா எதை இறக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போல. முகத்தில் இருந்த ஏலக்காரி போய்விட்டாள். பெயரைக் கூப்பிட்டபோது என் சட்டையைப் பிடித்தவள் திரும்பி வந்தாள்.

"அறுபதுல நிறுத்திக்கோ தாயி," என்றாள் மெதுவாக. "அதுக்குக் கீழ போனா கூடை மறுபடி தல மேல ஏறிடும்."

டாக்டரம்மா படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார், நான் அக்காவுக்குச் சொன்னேன். அறுபதுக்கு மேல்.

"மேல எவ்ளோன்னு கேக்காத," என்றாள் தோழி பல்லைக் கடித்து. அக்கா கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. கூடையோடு ஏறினால் பின்படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்கிறவள். உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தாள், கம்பியில் வைத்தாள். நான் கேம்ப் ரோட்டில் இறங்க வேண்டியவன். இறங்கவில்லை. மேடவாக்கம் தாண்டியது. பெரும்பாக்கத்துச் சதுப்பு நிலம் பளபளவென்று திறந்துகொண்டது.

அவள் உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கழுத்து எலும்புகளுக்குள் தண்ணீர் மின்னியது. கோரைப்புல் ஓடியது. ஒரு கொக்குக் கூட்டம் எழும்பி, ஓர் எலும்பில் நுழைந்து அடுத்த எலும்பில் வெளியே வந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"யாருதும்மா?"

"என்துதான்."

"இத்தயா இத்தினி நாளா உள்ள வெச்சிக்கினு சுத்துன?" என்றாள் தோழி. அவள் குரலில் கிண்டலைத் தேடினேன், இல்லை.

அக்கா, பஸ் குலுங்கியபோது படம் மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். பணம் கையில் வர மாசக்கணக்கில் ஆகும், அதுவரை கூடை உண்டு என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"இன்னும் கொஞ்ச நாளு தாங்கிக்கோ," என்றாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.