மணக்காட்டுல விரிச்ச வலை

கேமரா வச்ச போன் வந்த புதுசு. ஷார்ஜா பக்கம் நாங்க தங்குன லேபர் கேம்புக்குப் பின்னால பெரிய மணக்காடு, கண்ணு எட்டுற மட்டும் மணலுதான். வெயில் தணியிற மாசம் கடல் தாண்டி காடைக வந்து எறங்கும். நாங்க கடக்கரை ஆளுக, சும்மா இருப்போமா? கம்பு நட்டு மீன் வலையக் கட்டிட்டோம். விடியக்காலம் போனா வலை நெறைய காடை துடிக்குது.

அப்பதான் அரசாங்கக் காவக்காரரு வண்டியில வந்தாரு. நரைச்ச தாடி, வாயில பல்லுக்குச்சி. பேசறதுக்கு முன்ன அத இந்தக் கடவாயிலேருந்து அந்தக் கடவாய்க்கு மாத்துவாரு. அங்க வேட்டைக்குத் தடை. பிடிச்சுக் குடுத்தா விசா கேன்சல், வேல போச்சு.

"செத்தோம் மக்கா"ன்னான் கூட வந்த சூசை.

"வாய மூடுல"ன்னேன்.

அவரு காடைய எல்லாம் பறக்க விட்டாரு. குச்சிய மாத்திட்டு இந்தியில கேட்டாரு, "இந்த வலைய முடிச்சுப் போட்டுப் பின்னுனது யாரு?"

"நான்தான் பாய்"ன்னேன்.

செருப்பக் கழத்திட்டு மணல்ல உக்காந்தாரு. கிழிஞ்ச எடத்தக் கால் பெருவெரல்ல மாட்டி இழுத்து, தொங்குன நூலாலயே முடிச்சுப் போட்டாரு. எங்கப்பனும் வலை சரிபண்ண இப்பிடித்தான் உக்காருவாரு. வலைய எம் மடியில போட்டு, "இது தண்ணியில போடுற வலை. கலாஸ், முடிஞ்சது. யல்லா, போ"ன்னாரு.

போன எடுத்து போட்டோ புடிக்கல, பேரு கேக்கல. வண்டி மறைஞ்சப்புறந்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு.

"ராத்திரி கறிக்கு என்ன பண்ண?"ன்னான் சூசை.

நான் வலையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அவரு போட்ட முடிச்சு எது, நான் போட்டது எதுன்னு எனக்கே தெரியல.