ஆறு மவுசில் வைத்த சந்தனப் பொட்டு

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் என்று நினைவு. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுக்கச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. விஜயதசமியன்று விண்டோசுக்கு மாற்றான லினக்ஸுக்கு வகுப்பு தொடங்குவதாக நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. இந்த ஊரில் என்னை விட்டால் யாருக்கு லினக்ஸ் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. தலைக்கனம், வேறென்ன?

ஆயுத பூஜையன்று காலையில் ஏழு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஏற்றி முடித்தேன். என் மேஜையில் இருந்ததில் மவுசை அமைத்து ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. அதே செட்டிங்கை மற்ற ஆறிலும் அப்படியே காப்பி செய்தேன். அவற்றை ஓட்டிப் பார்ப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார். "எல்லாத்தையும் அமத்துப்பா, பூஜை போடணும். இனி நாளைக்குக் காலையில தொட்டாப் போதும்" என்றார். பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதே. நானும் அணைத்துவிட்டேன்.

பொட்டு வைத்தது எங்கள் சென்டரைக் கூட்டித் துடைக்கும் அக்கா. சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளும் அந்த வேலையை நம்பித்தான் படித்தார்கள். அவர் கிறிஸ்தவர். ஆனால் யார் சாமி என்றெல்லாம் பார்க்காமல், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் வைத்தார்.

மறுநாள் மாணவர்களும் பெற்றோரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆறு கம்ப்யூட்டரிலும் மவுசைத் தொட்டதுமே அம்புக்குறி பாய்ந்து மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. தானாகவே எதையெதையோ திறந்தது. ஒரு மவுசைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஓரத்தில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. எனக்கு அது போதாதா!

"சந்தனத்தக் கரைச்சு உள்ள ஊத்துனீங்களாக்கா? இம்புட்டையும் கெடுத்து வச்சிருக்கீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"இல்ல தம்பி, மேலாப்புல ஒரு பொட்டுத்தான் வச்சேன். வேணும்னா நானே தொடச்சுத் தாரேன்" என்று துணியோடு ஓடி வந்தார்.

"நீங்க தொட்டது போதும்!"

முதலாளிக்கு மானம் போன ஆத்திரம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் அங்கேயே சொல்லிவிட்டார். அக்கா துணியை மடித்து வாளியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மதியம் ஆறு மவுசையும் பிரித்து அடியில் உருளும் உருண்டையைக் கழுவிப் போட்டேன். ஒன்றும் சரியாகவில்லை. சலித்துப்போய் என் மேஜைக்கு வந்தவன், என் மவுசைப் பார்த்தேன். அதிலும் சந்தனப் பொட்டு இருந்தது, மற்றதைவிடப் பெரிதாகவே. அது காலையிலிருந்து நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் சக்கரம் உள்ள புது மவுஸ் அது. மற்ற ஆறும் சக்கரம் இல்லாத பழசு. சக்கர மவுசுக்கான செட்டிங்கை ஆறுக்கும் காப்பி செய்தது நான்தான். ஆறிலும் அந்த செட்டிங் கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஆறும் ஓடின.

முதலாளி வந்து பார்த்தார். "சந்தனத்தையெல்லாம் எடுத்துட்டியா? கெட்டிக்காரன்தான்" என்று முதுகில் தட்டினார். "ஆமா சார்" என்றேன். உண்மையைச் சொன்னால் என் வேலையும் போய்விடுமே என்ற பயம். சீ, அந்த 'ஆமா'வை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து, பேருந்து நிலையத்தில் கிளம்பப் போன ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து "தம்பி!" என்று குரல் கேட்டது. அந்த அக்கா. கோபமே இல்லை முகத்தில்.

"அந்த மவுசெல்லாம் நல்லாயிடுச்சா தம்பி? என் கைபட்டு இப்படி ஆகும்னு நெனைக்கலப்பா. மில்லுல கூடக் கூப்டாக. மெசினு பக்கமே வேணாம்னுட்டேன். களையெடுக்கத்தான் போறேன்."

வாயைத் திறந்தேன். "நல்லாயிடுச்சுக்கா" என்பது மட்டும்தான் வந்தது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பஸ் நகர்ந்துவிட்டது.

பிறகு சித்தையன்கோட்டைக்கு இரண்டு முறை போய் விசாரித்தேன். பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது வேலை பார்க்கும் இடத்திலும் ஆயுத பூஜைக்கு என் மவுசில் யாராவது பொட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஒரு வீட்டில் அந்த அக்கா ஒரு மிக்சியைத் தொடுவதற்குக்கூடப் பயந்து நிற்பாரோ என்று தோன்றுகிறது.