தட்டம்மா

திரும்பி வந்த தட்டை அவர் உடனே தண்ணீரில் போடுவதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கரண்டி இறங்கிய தடம் இருக்கிறதா, ஓரத்தில் சும்மா கிளறி வைத்ததா, மென்று துப்பியதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பார். முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் பின்னால், ஜன்னலில்லாத கழுவும் அறையில் ஒன்பது வருஷமாக இந்தப் பரிசோதனை நடக்கிறது. தட்டுகளின் அடியில் அறை எண்ணைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். மாடியில் இருக்கும் நாற்பது பேரில் பாதிப் பேரின் முகம் இவருக்குத் தெரியாது. பசி தெரியும்.

"ஆறாம் நம்பர் அம்மா காயை மட்டும் அடியில ஒளிச்சு வைக்கும், கள்ளி. இருபதாம் நம்பர், மகன் வந்துட்டுப் போன மறுநாள் தொடவே தொடாது."

குள்ள உருவம். தேய்த்துத் தேய்த்து வலது தோள் சற்று இறங்கியிருக்கும். கோபம் வந்தால் பாத்திரங்களைச் சத்தமே இல்லாமல் அடுக்குவார். சமையல்காரர் அன்றைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார். 'தட்டம்மா' என்பது மேலாளர் வைத்த பெயர். "தட்டம்மை மாதிரி. வந்தா லேசில விடாது" என்று சிரித்தாராம். இவருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. "பொய்யா சொன்னாரு?" என்கிறார்.

சமீபத்திய வம்பு பதினொன்றாம் நம்பர் தட்டால் வந்தது. அந்த அறையில் இருப்பவர் முப்பது வருஷம் லாரி ஓட்டிய பெரியவர். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவர். உடம்பு வற்றியதில் பல்செட் தொளதொளவென்று ஆகிவிட்டது, மெல்ல முடியவில்லை. மேலே போன சாப்பாடு இருபது நிமிஷத்தில் அப்படியே கீழே வந்தது. மூன்று நாள் இதே கதை. பதிவேட்டிலோ மூன்று வேளையும் "உணவு வழங்கப்பட்டது." மகள் போனில் கேட்டால், "சாப்பாடு குடுத்தாச்சும்மா." பொய்யில்லை, அதுதான் கொடுமை. "உடம்புல தெம்பு ஏறணும். இன்னொரு தடவை சளி கட்டினா தாங்கமாட்டார்" என்று டாக்டர் சொன்னது கழுவும் அறைவரை வந்து சேர்ந்திருந்தது.

நான்காம் நாள் மதியம் தட்டம்மா அந்தத் தட்டைக் கழுவவில்லை. ஈரக்கையோடு தூக்கிப்போய் மேலாளரின் மேஜையில், விரித்திருந்த பதிவேட்டின் மேலேயே வைத்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க வழங்கினது சார். வந்திருச்சு."

"பாத்திரம் கழுவுறவங்க பாத்திரத்தோட நிக்கணும்."

"பாத்திரத்தோடதானே சார் நிக்கிறேன்?"

"பக்கத்துல உக்காந்து ஊட்ட இங்க ஆள் கிடையாது. இஷ்டமில்லேன்னா வேலையை விட்டுப் போகலாம்."

"போறேன் சார். அந்த மனுஷன் நாலு வாய் முழுங்கட்டும், போறேன்."

சமையலறையில் உருளைக்கிழங்கையும் முட்டையையும் பால் விட்டுக் குழைய மசித்தார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு, கிண்ணத்தோடு மாடி ஏறினார். மேலாளரும் பின்னாலேயே ஏறினார்.

பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"யாரு நீ?"

"உங்க தட்டைக் கழுவுறவ."

"உனக்குத்தான் நான் வேலையே வைக்கலையே."

"இந்த நக்கலுக்கு மட்டும் தெம்பு இருக்கோ? வாயைத் திறங்க. அவசரமில்ல, மேட்டுல ஏத்துறாப்புல முதல் கியர்லயே போகலாம்."

முதல் வாய் கன்னத்திலேயே வெகுநேரம் நின்றது. பிறகு தொண்டை அசைந்தது. பெரியவர் இரண்டாவதற்குத் தானாகவே வாயைத் திறந்தார்.

வாசலில் நின்ற மேலாளர் செருமினார். "கீழ கழுவாத தட்டு மலையாக் கிடக்கு, தெரியுதா?"

தட்டம்மா திரும்பவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.