இரண்டாவது இடைவெளி

அமெரிக்க ஊரான ஃப்ரீமான்டில் அந்த எபிஸ்கோப்பல் சபை தொடங்கியபோது அதற்குக் கட்டடமே கிடையாது. எண்பத்து நாலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். பீட்சா வாசனை போகாத மேசையில் நேசமலர் வெள்ளைத் துணியை விரித்தால் அதுதான் பலிபீடம். யாழ்ப்பாணத்தில் அவள் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஆங்கிலிக்கன் வழிதான். அதனால் துணி துவைக்கிற வேலை தானாக அவளிடம் வந்து சேர்ந்தது. கிறிஸ்துவின் இரத்தமாக எண்ணும் நற்கருணை ரசம் பட்ட துணி என்பதால் முதல் அலசின தண்ணீரைக் குழாயடியில் விடமாட்டாள். பின்வளவு ரோஜாவின் அடியில் மண்ணில் ஊற்றுவாள்.

ஜெபத்தின் நடுவே ஃபாதர் கார்ல்டன் இரண்டு தடவை நிறுத்துவார். முதல் இடைவெளி துன்பத்தில் இருப்பவர்களுக்கு. இரண்டாவது இறந்தவர்களுக்கு. அவரவர் தங்கள் ஆட்களின் பெயரை இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். ஊரில் மகனை ஆமி பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து, முதல் இடைவெளியில் நேசமலர் "சீலன்" என்பாள். போகப் போக முழுச் சபையும் கூடச் சொல்லப் பழகிவிட்டது. பக்கத்து இருக்கை டோரத்தி கிழவியின் வாயில் அது "ஸீலான்."

எண்பத்தேழில் சொந்தக் கட்டடம் எழும்பியது. பிரதிஷ்டைக்கு முந்தின கிழமை, சீலனோடு ஆமி முகாமில் அடைபட்டிருந்து, பிறகு தான் மட்டும் விடுபட்ட பொடியன் கொழும்பிலிருந்து ஃபோன் பண்ணினான்.

"அன்ரி, நான் கண்ணாலை கண்டனான். அவனைத் தூக்கிக்கொண்டு போகேக்கை உயிர் இல்லை."

அவள் கணவர் அரியரட்ணம் அதை ஏற்கவில்லை. "அவன் ஆள்மாறிப் பாத்திருப்பான்."

"ஒண்டாய்ப் படிச்ச பிள்ளைக்கு ஆள் மாறுமே?"

"இஞ்சை பாரும். செத்தவையோடை சேர்த்து அவன்ரை பேரைச் சொன்னீர் எண்டால், அவனைச் சாகடிச்சது நீர்தான். பிறகு நான் அந்தச் சபை வாசல் மிதிக்கமாட்டன்."

"உடம்பும் இல்லை, குழியும் இல்லை. ஒரு ஜெபமாவது வேண்டாமே அவனுக்கு?"

அவர் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெயின்ட் மணத்துக்கு நடுவே பிஷப் வந்திருந்தார். முதல் இடைவெளி வந்தது. நேசமலர் வாய் திறக்கவில்லை. பாவம், மறந்துவிட்டாளாக்கும் என்று டோரத்தி அவள் கையைத் தட்டி, "ஸீலான்" என்றாள். சபையும் சேர்ந்து சொன்னது. அரியரட்ணம் ஆறுதலாக மூச்சு விட்டது நேசமலருக்குக் கேட்டது. அப்படியே விட்டிருக்கலாம்.

இரண்டாவது இடைவெளி. யாரோ ஒருத்தி தன் தாயின் பெயரைச் சொன்னாள்.

"சீலன்," என்றாள் நேசமலர்.

யாரும் கூடச் சொல்லவில்லை. டோரத்தியின் கை அவள் கையை இறுக்கிப் பிடித்தது. அரியரட்ணம் எழும்பி, பிஷப்புக்கு முன்னாலேயே வெளியே நடந்தார்.

காரில் வீடு திரும்பினார்கள். துணிகளை அலசி, அந்தத் தண்ணீரை அவள் ரோஜாவடியில் ஊற்றும்போது அவர் பின்கதவில் நின்றார்.

"புதைச்சாச்சோ?"

"ஓம்."

அடுத்த ஞாயிறு அவர் காரை எடுக்கவில்லை. இஸ்திரி போட்ட துணியை மடியில் வைத்துக்கொண்டு நேசமலர் பஸ்ஸில் போனாள்.