அரசர் இருக்கட்டும்

என் கணவருக்குக் கனடாவில் எல்லாம் கிடைத்தது, குடியுரிமையைத் தவிர. மறுக்கப்படவில்லை, அவர் கேட்கவில்லை. குடியுரிமை எடுக்கும்போது கனடாவுக்கும் அரசியான பிரிட்டிஷ் மகாராணிக்கும் அவரது வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அது தன்னால் முடியாது என்றுவிட்டார்.

நான் அந்தச் சத்தியத்தைப் முன்பு பார்க்டேல் பகுதியில் குடியிருந்த காலத்திலேயே செய்துவிட்டேன். கையை உயர்த்திக்கொண்டு நின்றபோது, வெளியே விட்டிருந்த காருக்கு அபராத டிக்கெட் எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. மகாராணி நினைவுக்கே வரவில்லை. மற்றவர்களும் என்னைப் போலத்தான். இந்த மனிதர் மட்டும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

காரணம் அவருடைய அப்பா. எண்பதுகளில், நாட்டைப் பிரிக்கக் கேட்கமாட்டோம் என்று இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தர்கள் எல்லாரும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மாமனார் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். தாயில்லாத இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தை விட முடியுமா? போய்ச் செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஊரில் யாரோடும் நிமிர்ந்து நின்று கதைக்கவில்லையாம். அதைப் பார்த்து வளர்ந்தவர் இவர்.

ஆகவே கனடாவில் முடியாட்சி ஒழியும், அதோடு அந்தச் சத்தியமும் ஒழியும் என்று காத்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். றிச்மண்ட் ஹில்லில் என் தம்பி வீட்டுப் பிறந்தநாள் பார்ட்டிகளில் ஆண்கள் கூடினால் இந்தக் கதைதான். "உது இன்னும் கொஞ்சக் காலம்தான் அத்தான். கிழவி போனால் எல்லாம் முடிஞ்சுது" என்று தம்பி றோல்சைக் கடித்துக்கொண்டே சொல்லுவான். எல்லாரும் தலையாட்டுவார்கள். அத்தனை பேரும் சத்தியம் செய்து கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். அந்தப் பேச்சை உண்மையாக நம்பியது இவர் ஒருவர்தான். பேப்பரில் கருத்துக்கணிப்பு வந்தால் கொண்டுவந்து காட்டுவார்.

"பார், வேண்டாமெண்டுற ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம்."

"அப்பா, நோபடி கெயார்ஸ்" என்பாள் மகள். அவள் சொன்னதுதான் சரி. வேண்டாம் என்கிறவர்களுக்கும் அதைப் பற்றி அக்கறை இல்லை.

மகாராணி இறந்த அன்று வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் டிவிக்கு முன்னால் இருந்தார். மகாராணியின் மகன் அரசரானார். சத்தியத்தில் பெயர் மாறியது. வேறொன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகுதான் ஊரில் இருந்த அவருடைய அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. தாயில்லாத வீட்டில் இவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவர் அவர். அகதியாக வந்தவர் பழைய கடவுச்சீட்டில் இலங்கைக்குத் திரும்பிப் போனால் இங்கே இருக்கும் உரிமையும் பறிபோகலாம் என்று லோயர் சொன்னார். போவதென்றால் கனடாக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குச் சத்தியம் செய்ய வேண்டும்.

அக்கா போனில் கெஞ்சினார். "தம்பி, வாயாலதானே சொல்லுறது. சொல்லிப்போட்டு ஒருக்கால் வந்திட்டுப் போ."

"அப்பாவும் வாயாலதான் சொன்னவர்" என்றார் இவர்.

எனக்கு இவரை அறைய வேண்டும் போல இருந்தது. சாகக் கிடக்கிற மனுசியிடம் பேசுகிற பேச்சா அது?

இழுத்தடித்து இழுத்தடித்துக் கடைசியில் விண்ணப்பித்தார். அக்காவால் அவ்வளவு காலம் தாங்க முடியவில்லை. கொள்ளியைப் பக்கத்து வீட்டுப் பெடியன் வைத்தான். விட்பியில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து அதைப் போனில் பார்த்தோம். இவர் அழவில்லை. நடுவில் சார்ஜ் இறங்கியபோது எழுந்து போய் வயரைக் கொண்டுவந்து செருகினார்.

சத்தியம் செய்ய அழைப்பு அதற்குப் பிறகு வந்தது. இனி எதற்கு என்பார் என்று நினைத்தேன். ஆண்டுத் திவசத்துக்காவது போக வேண்டும் என்றார். இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். வெள்ளைச் சேர்ட் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று, வலது கையை உயர்த்தி, ஒரு சொல்லையும் விழுங்காமல் அரசர் பெயரில் சத்தியம் செய்தார். திரை நிறைய முகங்கள். யாரும் இவரைக் கவனிக்கவில்லை.

போய்த் திவசம் செய்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில், ஒரு ஞாயிறு பின்னேரம், கருத்துக்கணிப்பு என்று போன் வந்தது. ஸ்பீக்கரில் ஒரு இளம் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்: முடியாட்சி தொடர வேண்டுமா, கைவிட வேண்டுமா? எத்தனையோ வருடமாக இவர் வீட்டில் கத்திக்கொண்டிருந்த விஷயத்தை முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். நான் மரக்கறி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

இருக்கட்டும் என்றார். உறுதியாகவா என்று கேட்டாள். மிக உறுதியாக என்றார். அவள் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னப்பா உது? இவ்வளவு காலமும் ஒழிய வேணும் ஒழிய வேணும் எண்டு நிண்டிட்டு?"

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உவங்கள் நாளைக்கு ஒரு வோட்டைப் போட்டு அதை லேசாய்த் தூக்கி எறிஞ்சால், நான் என்னத்துக்கு அக்காவின்ர முகத்தைப் பார்க்காமல் விட்டனான்?"