சாணித் தண்ணீரும் எலியின் மொட்டைத் தலையும்

மூன்று தடவை எலிகளுக்கு மொட்டை போட்டும் எனக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை. சாமிக்கு வேண்டிக்கொண்ட மொட்டை இல்லை, ஆராய்ச்சிக்கு.

சென்னையில் நான் பிஎச்.டி. செய்யும் ஆய்வகத்தில் எலியின் மூளைக்குள் மரபணுவை அனுப்பப் பார்க்கிறோம். ரத்தத்தில் வருவதையெல்லாம் மூளை உள்ளே விடாது; ரத்தக்குழாய்ச் சுவரே வேலியாக நிற்கும். அதனால் மரபணுவோடு கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகளையும் ரத்தத்தில் செலுத்துவோம். மொட்டைத் தலையில் ஜெல் தடவி வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் கொடுப்போம். ஒலி பட்டுக் குமிழிகள் துடிக்க, வேலி கொஞ்ச நேரம் விலகும், மரபணு நுழைந்துவிடும். அது பச்சைப் புரதம் செய்யும் மரபணு; நுழைந்த இடம் சில வாரம் கழித்து நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிர வேண்டும்.

எனக்கு மூன்று தடவையும் இருட்டு.

“அடுத்ததும் இப்படின்னா தலைப்பை மாத்திடலாம்மா” என்றார் பேராசிரியர். இரண்டு வருட உழைப்பு! மூக்கைச் சிந்திக்கொண்டே எங்கள் கிராமமான பெருநகருக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை கழனியில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. நடவுக்கு ஆள் வந்து நிற்கிறது, அண்ணன் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தான். அண்ணி பக்கெட்டில் சாணியைக் கரைத்து என் கையில் கொடுத்தாள்.

“பைப்புல ஏர் புடிச்சிக்கினு கீதும்மா. உள்ள காத்து கீற வரைக்கும் மோட்டார் சும்மா கத்திக்கினுதான் கெடக்கும். ஊத்து.”

ஊற்றினேன். குழாய் வாயில் குபுகுபுவென்று குமிழிகள் வந்து உடைந்தன; மோட்டார் தண்ணீர் எடுத்துக்கொண்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அல்ட்ராசவுண்டுக்கும் காற்று ஆகாது; வழியில் காற்று இருந்தால் உள்ளே போகாமல் திரும்பிவிடும். முடிக்கு நடுவில் காற்று தங்கும் என்றுதான் எலிக்கு மொட்டையே போடுகிறோம். அவ்வளவும் செய்துவிட்டு, அவசரத்தில் ஜெல்லை பாட்டிலிலிருந்து பீய்ச்சி அடித்தவள் நான்தான். அதற்குள் எத்தனை காற்றுக் குமிழி! என் அல்ட்ராசவுண்டும் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

“ஐயோ அண்ணி!” என்று சாணிக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

“இன்னா ஆச்சி இந்தப் பொண்ணுக்கு? பொடவ புதுசுடி!”

திங்கட்கிழமை ஜெல்லைச் சுழல் இயந்திரத்தில் போட்டுக் காற்றெல்லாம் நீக்கினேன். வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. பிறகுதான் கடைசி மொட்டை.

மூன்று வாரம் கழித்து, அந்த எலியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். இருட்டுக்கு நடுவில் ஒரு பச்சைத் திட்டு. நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன். பேராசிரியர் எட்டிப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், பிறகு அவரே எல்லோருக்கும் டீ சொன்னார்.

அன்று மதியமே பஸ் பிடித்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடி, வழுக்கி, முழங்கால் வரை சேற்றில் இறங்கி, களை பறித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போனை நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“இம்மாத்துண்டு பச்சைக்கா இந்த ஓட்டம்?”

“மரபணு உள்ள போயிடுச்சி அண்ணி! தலைப்பு மாத்த வேணாம்னுட்டாரு!”

அண்ணி வரப்பில் ஏறி நின்றாள். பிறகு, மோட்டார் கொட்டகையில் இருந்த அண்ணனுக்குக் கேட்கும்படி, கழனியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“யோவ்! உன் தங்கச்சி மோட்டாரும் எடுத்துக்கிச்சிய்யா!”